மருமகன் நட்ட வெள்ளிக்கிழமை

மருமகன், முதலில் இந்தக் கதிரையில் இருங்கோ. மண்வெட்டியை வேம்பில் சாத்தி வையுங்கோ, அது எங்கேயும் ஓடாது. இந்த வீட்டில் உங்களுக்கு என்று ஒரு மரியாதை இருக்கு. என்ரை மகளைக் கட்டினவர், கந்தோரில் மேசையும் மின்விசிறியும் உள்ளவர், எல்லாவற்றுக்கும் மேலே யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பிறந்தவர். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி காணாது. ஆனால் நேற்று நீங்கள் விதைப் பைக்கற்றுகளும் கறுப்புப் பிளாஸ்ரிக் பைகளும் ஒரு சுருள் குழாயும் கொண்டுவந்து விறாந்தையில் இறக்கினதைக் கண்டதிலிருந்து இரவு முழுக்க நித்திரை இல்லை. எனக்கில்லை, உங்கள் மாமிக்கு. நான் நல்லாத்தான் படுத்தேன்.

இது என்ன மாதம்? ஆனி. வெளியே என்ன அடிக்குது? சோளகம். படலை அடிபடுற சத்தம் கேட்குதல்லவா? அதுதான் இங்கே பஞ்சாங்கம். மன்னார்த் தீவில், இந்தப் பேசாலையில் பிறந்த பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டால் பட்டத்தை எடுக்கும், கருவாட்டுக்குப் பாய் விரிக்கும், கத்தரிக் கன்றை எடுக்காது. நீங்கள் எடுத்தீர்கள். அதுவும் இது முதல் முறை இல்லை.

2022ஆம் ஆண்டு ஆனியை நான் மறக்கவில்லை. நீங்கள் மறந்திருப்பீர்கள், படித்த ஆள்களுக்கு மறதி ஒரு வரம். நாட்டில் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை. அதற்கு முந்தின வருடம் இரசாயனப் பசளையை ஒரே அடியாய் நிறுத்தி, வயலெல்லாம் மஞ்சள் பிடித்த பிறகு திரும்ப விட்டார்கள். அதன்பிறகு அமைச்சரவை கூடி ஒரு முடிவு எடுத்தது. அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. வீட்டிலே நின்று வளவில் மரக்கறி நடுங்கோ, பஞ்சம் வரப்போகுது. கேட்க நல்ல கதைதான். கொழும்பில் இருக்கிறவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்திருப்பார்கள், வெளியே மழை. ஆனி மாதம் கொழும்பில் மழைதானே. நாடு முழுக்கப் பெய்யுது என்று நினைத்துப் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். இந்தச் சோளகக் காற்றுத்தான் மழையை எல்லாம் அங்கேயும் மலைநாட்டிலேயும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இங்கே வந்து எங்கள் கிடுகைப் பிடுங்குது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நீங்கள் சொல்லியிருக்கலாம். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆள் அரசாங்கத்துக்கு வானிலை சொல்லலாமா என்று பயந்துவிட்டீர்கள் போல.

முதல் வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்குது. சாரத்தை மடித்துக் கட்டி, தலையிலே துவாய், கையிலே புது மண்வெட்டி. "மாமா, எங்கள் ஊரில் இப்படித்தான் பாத்தி கட்டுவோம்" என்று வரம்பு பிடித்து, வாய்க்கால் வெட்டி, கோடு போட்ட கொப்பி மாதிரி வளவை ஆக்கினீர்கள். வடிவுதான். பின்நேரம் ஒரு சோளகம் அடித்தது. கொப்பியில் ஒரு வரிகூட மிச்சம் இல்லை.

செம்மண்ணுக்கும் எங்கள் மணலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லட்டா? உங்கள் மண் சம்பளக்காரன் மாதிரி, கொடுத்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாய் வைத்துச் செலவழிக்கும். எங்கள் மணல் கடற்காரன். காலையில் கொடுத்ததை மத்தியானத்துக்கு முன் முடித்துவிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டும். வருடம் முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் ஆயிரம் மில்லிமீற்றரைச் சுற்றித்தான் வரும், அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். மிச்ச மாதங்களில் வானம் எங்களை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் வெள்ளி நீங்கள் மோட்டர் கொண்டுவந்து கிணற்றுக்குள் குழாயை விட்டீர்களே, அப்போது நான் விறாந்தையில் இருந்து இருமினேன். அது சளி இருமல் இல்லை, மருமகன். மரியாதை இருமல். மருமகனை "நிற்பாட்டு" என்று சொல்ல முடியாத மாமனார் இருமுகிற இருமல். இந்தத் தீவில் நல்ல தண்ணி எங்கே இருக்கு தெரியுமா? மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிசாய் மிதக்குது. காய்ச்சின பாலின் மேலே ஆடை படர்கிற மாதிரி. ஆடையை மெதுவாய்க் கரண்டியால் வழித்து எடுக்கலாம். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினால் ஆடையும் இல்லை, பாலும் இல்லை. எங்கள் அப்பு பனையோலைப் பட்டையால் விடியப்புறம் பத்துப் பட்டை, பொழுதுபட இருபது பட்டை அள்ளி ஊற்றுவார். அதற்குள் கிணறு ஊறிவிடும். நீங்கள் மோட்டரை மூன்று மணித்தியாலம் ஓடவிட்டீர்கள். பேந்து உங்கள் மாமி போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சீனிக்குப் பதிலாய் உப்பைப் போட்டுவிட்டீர்களா மாமி?" என்று கேட்டீர்கள். அவள் அன்றைக்கு உங்களுக்கு மறுமொழி சொல்லாதது அவளுடைய நல்ல மனம். எனக்கு இரவு முழுக்கச் சொன்னாள்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். தென்கரையில் நிற்கிற 30 காற்றாடியையும் பார்த்திருப்பீர்கள். "தம்பபவனி" என்று பெயர் வைத்து 2020 மார்கழியில் தொடங்கினார்கள். நூறு மெகாவாற்றுக்கு மேலே மின்சாரம் எடுக்கிற காற்று இது. அதற்கு முன்னாலே நீங்கள் தக்காளிக் கன்றைக் கொண்டுபோய் வைத்தீர்கள், ஈர்க்குக் கட்டிப் பிடித்துக்கொண்டு. (இன்னும் காற்றாடி வேண்டாம், மணலைத் தோண்டிக் கனியம் எடுக்கவும் வேண்டாம் என்று 2025இல் மன்னார்ச் சனம் நாள்கணக்காய் வீதியில் குந்தியிருந்ததே. மணல் போனால் மணலில் மிதக்கிற தண்ணியும் போகும் என்று பயந்துதான். உங்கள் தக்காளிக்குக்கூட அந்தச் சனம்தான் வாதாடினது.)

இனிக் கழுதைக்கு வருவோம். நீங்கள் அந்தக் கதையைத் தவிர்க்கப் பார்க்கிறீர்கள், எனக்குத் தெரியுது.

மன்னாருக்கு மாற்றம் கிடைத்து வந்த புதிதில் பஸ் நிலையத்தில் கழுதைகள் நிற்கிறதைப் பார்த்து, "இவை யாருடையவை?" என்று கேட்டீர்கள். ஊரார் சிரித்தார்கள். அரபு வணிகர் சுமை இழுக்கக் கொண்டுவந்ததுகள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுமை போய்விட்டது, வணிகர் போய்விட்டார்கள், கழுதை மட்டும் நிற்குது. இன்றைக்கு அதுகளுக்கென்று மன்னாரிலே வைத்தியசாலைகூட இருக்கு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று உங்கள் ஊரிலே கேட்பார்கள். கற்பூரம் தெரியாமல் இருக்கலாம், கத்தரி இலையின் வாசனை நன்றாகத் தெரியும். நீங்கள் வேலி போடாமல் தோட்டம் போட்ட நாலாவது வெள்ளிக்கிழமை, ஒரு கிழட்டுக் கழுதை படலையைத் தள்ளிக்கொண்டு, பெரிய அதிகாரி பரிசோதனைக்கு வருகிற மாதிரி உள்ளே வந்தது. நான் அதற்கு "மனேச்சர்" என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான். நேரம் தவறாமல் வருகிற ஒரே மனேச்சர். கத்தரி, மிளகாய், தக்காளி, எல்லாவற்றையும் பார்வையிட்டு, வரிசை பிசகாமல் முடித்தது. நீங்கள் அன்றைக்குப் பெற்றோல் வரிசையில் நின்றீர்கள். எண்ணெய் அடித்துக்கொண்டு வந்தபோது தோட்டத்தில் குச்சிகள்தான் நின்றன. சாணம் மட்டும் விட்டுப்போனது. நியாயமான பிராணி, பசளைக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

அன்றைக்கு இரவு நடந்ததை நான் மகளுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் சைவம். நாங்கள் வேதக்காரர், வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னமாட்டோம். திருச்சபை இதைத் தவம் என்று வைத்தபோது மன்னாரை நினைக்கவில்லைப் போல. சுற்றிவரக் கடல், இறைச்சியை விட்டால் நண்டு, நண்டை விட்டால் கணவாய், கணவாயை விட்டால் பாரை. இப்படி ஒரு தவத்தை வருடம் முழுக்கச் செய்ய நான் தயார். அன்றைக்கு உங்கள் மாமி எனக்கு நண்டுக்கறி வைத்தாள், இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டு. உங்களுக்கு மரவள்ளிக் கறியும் பருப்பும். நீங்கள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள். விடியக் குசினியில் நண்டுக் கோது நான் தின்றதைவிடக் கூடக் கிடந்தது. நான் எண்ணினேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு சனிக்கிழமைதானே.

சரி, பகிடி காணும். தோட்டம் செய்யத்தான் வேண்டும் என்றால் செய்யலாம். இந்த மணல் தரித்திரம் பிடித்த மண் இல்லை. அதற்குப் பிடித்ததைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். முருங்கைத் தடியை வெட்டி நட்டால் அது உங்களைக் கேட்காமலே தளிர்க்கும். எருக்கலம்பிட்டியில் என் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், நான் இப்போதும் அவர் வீட்டுக்குப் போனால் மீனாணம் தராமல் விடமாட்டார். 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தை எல்லாம் புலிகள் வெளியேறச் சொன்னபோது அவரும் பிள்ளைகளும் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை. கிணற்றடி முருங்கை மட்டும் மூன்றாய்ப் பிரிந்து நின்றது. "மற்றதை எல்லாம் கழற்றிக்கொண்டு போனவன் இதை ஏன் விட்டான்?" என்று அவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த மரத்தில் காய் பிடுங்கித்தான் சமைத்தோம். அதைப் பற்றி இதற்கு மேலே சொன்னால் நான் வேறு ஆளாய்ப் போய்விடுவேன், விடுவோம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்த தோட்டம் வேறு. உங்கள் பைக்கற்றில் அதன் படம் இருக்காது. பனம்பாத்தி.

சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் உங்கள் பாட்டி செய்தது, நீங்கள் மறந்தது. ஆடி பிறந்தால் பனங்காய் விழத் தொடங்கும். இரவிலே "தொப்" என்று கேட்கும், மாடு முந்துமா நாங்கள் முந்துவோமா என்று விடியமுன் பெட்டியோடு ஓட வேண்டும். களியைப் பிசைந்து பனாட்டுக்கும் பணியாரத்துக்கும் எடுத்தபிறகு கொட்டையை எறிய வேண்டாம். ஒரு மூலையில் குவித்து வையுங்கோ. புரட்டாதி கடைசியில், வானம் கறுக்கிறபோது, மணலை முழங்கால் உயரத்துக்கு மேடாய்க் கூட்டி, கொட்டையை நெருக்கி அடுக்கி, மேலே மணல் மூடிவிட்டுப் போய்ப் படுங்கோ. அவ்வளவுதான் வேலை. தண்ணி ஊற்ற வேண்டாம், மழை ஊற்றும். பசளை வேண்டாம், மோட்டர் வேண்டாம், லீவும் வேண்டாம். முளை மேலே வராமல் கீழே இறங்கும். இதுதான் எனக்குப் பிடித்த இடம், மருமகன். மற்றப் பயிரெல்லாம் தலையைக் காட்டி "என்னைத் தின்" என்று கழுதையைக் கூப்பிடும். பனை அப்படி இல்லை. சத்தம் போடாமல் மணலுக்குள்ளே கிழங்கு வைக்கும். மனேச்சர் வந்து மேட்டின்மேல் நின்று, காதை ஆட்டி, ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போகும்.

தையில் கிண்டுங்கோ. கிழங்கை அவித்து, தும்பை உரித்து, மிளகாயும் உப்பும் உள்ளியும் போட்டு இடித்தால் அன்றைக்குச் சோறு தேவையில்லை. கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான், அது பேரப்பிள்ளையின் பங்கு. மிச்சக் கிழங்கைப் பச்சையாய்க் கிழித்து மாசி வெயிலில் காயப்போட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். அது வருடக்கணக்காய் இருக்கும், பல்லுத்தான் இராது. 2022இல் சங்கக்கடையில் மா இல்லாமல் சனம் நின்றபோது எங்கள் வீட்டில் தகரப் பீப்பா நிறைய ஒடியல் இருந்தது. நீங்கள் அதை ஆட்டுத்தீனி என்று நினைத்து ஒதுக்கி வைத்தீர்கள். பார்த்தேன். இருமினேன்.

கூழ் காய்ச்சுவதைப் பற்றி உங்கள் ஊர் ஆள்கள் எங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். கூழ் உங்களுடையதாகவே இருக்கட்டும், அதற்குள் போகிற மீனைப் பற்றித்தான் பேச்சு. ஒடியல் மாவைத் தண்ணியில் ஊறவிட்டுக் காறலைப் போக்கி வடித்து வையுங்கோ. பெரிய பானையில் தண்ணி கொதிக்க, ஒரு பிடி அரிசி, பயித்தங்காய், மரவள்ளித் துண்டு, பலாக்கொட்டை. (பலா இந்தத் தீவில் காய்க்காது. அது லொறியில் மதவாச்சி தாண்டி வருவது. ஊர்ச் சமையல், ஊர்ச் சமையல் என்று கூட்டாளிமாருக்குப் பீற்றும்போது பலாக்கொட்டையை மட்டும் கதைக்காமல் விடுங்கோ.) பேந்து மீன் தலை, நண்டு, இறால், கைக்கு வந்த சின்ன மீன்கள். கடைசியில் மாக்கரைசல், அரைத்த செத்தல் மிளகாய், புளி, முருங்கையிலை. கிளறுகிற கை நிற்கக் கூடாது. உங்கள் மாமி கிளறும்போது நான் பக்கத்தில் நின்று ஆலோசனை சொல்வேன். ஒரு முறை அகப்பை என் பக்கம் திரும்பியது, அதிலிருந்து படலையடியில் நின்று சொல்கிறேன். குடிப்பது பனையோலைப் பிளாவில். பீங்கான் கோப்பையில் கூழ் குடிக்கிறவனுக்கு நான் பெண் கொடுத்திருக்கமாட்டேன். அன்றைக்கு நீங்கள் பிளாவைப் பிடித்து முழங்கை வரை ஒழுகவிட்டுக் குடித்தீர்களே, அதைப் பார்த்துத்தான் சம்மதித்தேன். கூழ் சனிக்கிழமை காய்ச்சுவோம், உங்கள் வெள்ளிக்கிழமைக்கு மரியாதை வைத்து.

மீனுக்கும் காலம் இருக்கு. சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்கும், எங்கள் வடகரை குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக்காற்று வந்தால் மறுபக்கம். அப்போது வள்ளத்தையும் வலையையும் ஏற்றிக்கொண்டு தென்கரையில் போய் வாடி போடுவார்கள். தீவின் அகலம் ஐந்தாறு கிலோமீற்றர்தான், ஆனால் இரண்டு கடல், இரண்டு நாட்காட்டி. சந்தையில் பாரை வேண்டும், விளை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறது கந்தோர்ப் பழக்கம். கூடையைப் பார்த்து, எது கண் தெளிவாய் என்னைப் பார்க்குதோ அதை வாங்குவது எங்கள் பழக்கம். சூடை மலிகிற நாளில் சூடைதான் ராசா. அன்றைக்கு இறால் தேடுகிறவனுக்கு இறாலும் இல்லை, சூடையும் இல்லை.

உங்கள் கொழும்புக் கூட்டாளிமார் "கிராமத்துப் பயணம்" வரப் போகிறார்களாம், மாமா கூட்டிக்கொண்டு போங்கோ என்று மகள் சொன்னாள். வரட்டும். ஆனால் ஆனி மத்தியானத்தில் பாலத்தில் இறங்கிப் பூநாரை எங்கே என்று கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கோ. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை, வங்காலைப் பக்கச் சதுப்பிலே வந்து நிற்கும். அந்த இடத்தை 2010இல் உலகமே மதிக்கிற ராம்சார் ஈரநிலமாய் அறிவித்தார்கள். பறவைக்கு அமைச்சரவை இல்லை, தண்ணி இருக்கிற மாதத்தில் வந்து, வற்றமுன் போகுது.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காட்டலாம். சுற்றளவு 19.5 மீற்றர். 1477இல் அரபு வணிகர் நட்டது என்று சொல்வார்கள். போன முறை உங்கள் கூட்டாளி ஒருவர் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார். பத்துப் பேர் கை கோத்தாலும் பிடிபடாத மரம், அவர் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். மரம் ஒன்றும் சொல்லவில்லை. போர்த்துக்கேயர் 1560இல் கோட்டை கட்ட வந்ததையும், 1658இல் ஒல்லாந்தர் பிடுங்கினதையும், 1795இல் இங்கிலீசுக்காரன் வாங்கினதையும் பார்த்த மரம், அவர் ஒருவருக்காகவா வாய் திறக்கும்?

அரிப்புக்கும் போகலாம், முத்துக்குளிப்பைப் பார்க்கத் தேசாதிபதி நோர்த் கட்டின மாளிகையின் மிச்சம் கரையோரத்தில் நிற்குது. சனம் அல்லிராணி கோட்டை என்று சொல்லும். ராணியா, தேசாதிபதியா என்று வாதாடுகிறதை விட்டுவிட்டுச் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கோ, கடல் கரையைத் தின்றுகொண்டே வருது.

மடு மாதா கோவிலுக்கு மட்டும் மோட்டார் வண்டியில் போக வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறார்கள்? நான் சின்னப் பிள்ளையாய் இருக்கையில் மாட்டுவண்டியில் இரண்டு இரவு. பாலைப்பழக் காலம். வண்டி நடையை விட மெதுவாய்ப் போகும், நாங்கள் இறங்கிக் காட்டோரம் பழம் பொறுக்கித் தின்றுவிட்டு, வாயெல்லாம் பால் ஒட்டி, ஓடிவந்து ஏறுவோம். 2015 தையில் பாப்பரசர் மடுவுக்கு ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார். பரிசுத்தவான்தான், ஆனால் பாலைப்பழம் கிடைத்திராது. உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன், சம்பந்திக்கும் சொல்லுங்கோ. ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், வேதக்காரர் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினது மாந்தையிலிருந்து. நீங்கள் வெள்ளிக்கிழமை கும்பிடப்போகிற திருக்கேதீச்சரமும் அதே மாந்தையில்தான். கலியாணத்தின்போது இரண்டு பக்கமும் இரண்டு மாதம் சண்டை பிடித்தோமே, அந்த இரண்டு சாமியும் ஒரே ஊர்க்காரர்.

தலைமன்னார்ப் பாலத்தடிக்கும் கூட்டிப்போங்கோ. 1914இலிருந்து சென்னையில் ரிக்கற் எடுத்தவன் கப்பல் ஏறி இந்தப் பக்கம் இறங்கிக் கொழும்புக்கு ரயில் பிடிப்பான். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை விழுங்கின இரவு எங்கள் கூரையும் போனது, எனக்கு அப்போது பதினாறு வயது. 1990இல் ரயிலும் நின்றது. 2015 பங்குனியில் இந்தியப் பிரதமர் மோடி வந்து கொடி காட்டித் திரும்ப ஓடவைத்தார். இருபத்தைந்து வருடம் பிந்தி வந்த ரயில், அதற்குப் பிறகு அரை மணி பிந்தினால் உங்கள் கூட்டாளிமார் ஏன் கோபப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதே இல்லை.

ஆகவே மருமகன், அந்தக் குழாயைச் சுருட்டிப் பரணில் போடுங்கோ. இந்த மாதத்துக்கு உள்ள வேலை வேலி. பனைமட்டை வெட்டி வைத்திருக்கிறேன், இரண்டு வெள்ளிக்கிழமைக்குக் காணும். ஆடியில் பனங்காய் பொறுக்கலாம். விதைப் பைக்கற்றுகளை வேப்பிலையும் சாம்பலும் போட்டு ஒரு தகர டின்னுக்குள் அடைத்து ஐப்பசி வரை வைத்தால் பழுதாகாது. கொண்டுவாங்கோ, நானே அடைத்துத் தாறேன். எங்கே வைத்தீர்கள்?

விறாந்தையிலா? இன்னும் விறாந்தையிலா?

கொஞ்சம் பொறுங்கோ. படலை அடிபடுற சத்தம் எப்போது நின்றது? கடுதாசி கிழிபடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்குதே.

ஓட வேண்டாம், சாரம் தடக்கும். இப்போது போய்ப் பிடுங்கினாலும் மிஞ்சாது, மனேச்சர் கத்தரியில் தொடங்கிப் பூசணிக்கு வந்திருக்கும். இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ, இன்றைக்கு உப்பு இல்லை. படலையை யார் திறந்து விட்டது என்று மட்டும் என்னைப் பார்த்துக் கேட்க வேண்டாம். சோளகம், மருமகன், சோளகம்.